பேனாக்கத்தியில் பேனா எங்கே?

வலை நூல் அறுக்க, கயிறு வெட்ட உதவுகிற சின்ன மடக்குக் கத்தியை பேனாக்கத்தின்னு சொல்றோம். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்?

போர்த்துகீசிய மொழியில் ‘பெனா’ என்றால் இறகு. எழுத எழுத இறகின் முனை மழுங்கும். அதைச் சீவத்தான் இந்தக் கத்தி.

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1610-ல் பண்டகசாலை வைத்தார்கள். 1613-ல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை, சோழமண்டலக் கரைத் துணி வியாபாரத்தின் கணக்கெல்லாம் இங்கேதான். எழுதியது இறகால்.

அதே காலத்தில் நம்மவர்கள் எழுதியது பனையோலையில். நம்மிடமும் ஒரு மடக்குக் கத்தி இருந்தது: மடக்கெழுத்தாணி. ஒரு முனையில் எழுத்தாணி, மறுமுனையில் ஓலை வாரும் கத்தி. இரண்டும் பிடிக்குள் மடங்கிவிடும்.

ஆக, இரண்டுமே ஆயுதமாகப் பிறந்தவை இல்லை. எழுதுகிறவன் கையோடு வைத்திருந்த கருவிகள். பேனாக்கத்தி பெயரையாவது காப்பாற்றிக்கொண்டது. மடக்கெழுத்தாணியோ பார்த்தாலே அடையாளம் தெரியாத பொருளாகிவிட்டது. பழவேற்காட்டில் இன்றும் பனையோலையில் கூடை முடைகிறார்கள், எழுதத்தான் ஆளில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் துருப்பிடித்த மடக்குக் கத்தி இருந்தால், பழைய இரும்புக்குப் போடும் முன் இரண்டு முனையையும் விரித்துப் பாருங்கள். ஒரு முனை ஊசிபோல் இருந்தால், அது தாத்தாவின் பேனா.