கொக்கிப்புழுவும் ஓம உப்பும்

சுவிட்சர்லாந்தின் செயின்ட் கோத்தார்டு மலையில் 1872 முதல் 1882 வரை இரயில் சுரங்கப்பாதை குடையப்பட்டபோது, அங்கு உழைத்த இத்தாலியத் தொழிலாளர் பலர் கடும் இரத்தசோகையால் வெளிறித் தளர்ந்தனர். சிறுகுடற் சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவே அதற்குக் காரணம் என்பதை, தூரின் நகரத்து ஒட்டுண்ணியியல் அறிஞர் எதோவார்தோ பெரோன்சித்தோ 1880இல் எடுத்துக்காட்டினார். கழிப்பிட வசதியற்ற அச்சுரங்கத்தின் ஈரமும் வெப்பமும், மலத்துடன் வெளியேறிய முட்டைகள் பொரிவதற்கு உகந்தவையாக இருந்தன.

ஏறத்தாழ அதே காலத்தில், அந்நகரின் மருத்துவர் கமில்லோ பொட்சோலோ இப்புழுவுக்கு எதிராகத் தைமாலைப் பயன்படுத்தினார். தைமால் என்பது நாட்டு மருந்துக் கடைகளில் ஓம உப்பு என விற்கப்படும் அதே படிகப் பொருளாகும். இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான ஓமத்திலிருந்து ஜெர்மனியில் அது பிரித்தெடுக்கப்பட்டது. முதல் நாள் இரவு பட்டினியிருந்து, காலையில் தவணைகளாக மருந்தை விழுங்கி, பின்னர் பேதி உப்பும் உட்கொள்ள வேண்டும். எண்ணெயோ மதுவோ சேர்ந்தால் மருந்து குடலில் தங்காமல் இரத்தத்தில் கலந்து நஞ்சாகும் என்பதால், நோயாளி ஒரு பகல் முழுவதும் மருத்துவக் கண்காணிப்பில் இருக்க நேர்ந்தது.

1914இல் மூண்ட உலகப்போரினால் ஜெர்மானியத் தைமாலின் வரத்து தடைப்பட்டதும், அமெரிக்கச் செடி ஒன்றிலிருந்து வடிக்கப்பட்ட கீனோபோடியம் எண்ணெய் முன்னிடம் பெற்றது. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் நிறைந்திருந்த இலங்கைத் தோட்டங்களில், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பன்னாட்டுச் சுகாதாரப் பிரிவு 1916இல் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கியபோது, இத்தகைய மருந்துகளே கையிருப்பில் இருந்தன. 1921இல் அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர் மாரிஸ் ஹால் நாய்களிடம் சோதித்து அறிமுகப்படுத்திய கார்பன் டெட்ராகுளோரைடு புழுவை நன்கு வெளியேற்றியதாயினும், கல்லீரலைச் சிதைக்கும் இயல்பும் அதற்கு இருந்தது.

இந்த இக்கட்டைப் பெருமளவு தீர்த்தவை, 1960களிலிருந்து வந்த பென்சிமிடசோல் வகை மருந்துகளாகும். 1970களில் கால்நடை மருந்தாக உருவாகி, பின்னர் மனிதருக்கும் வந்த அல்பெண்டசோல், புழுவின் உயிரணுக்களிலுள்ள டியூபுலின் என்னும் புரதத்தைப் பற்றி, அப்புழு சர்க்கரையை உறிஞ்சும் திறனைக் கெடுக்கிறது. குடலிலிருந்து மனித உடலுக்குள் இம்மருந்து மிகக் குறைவாகவே ஏறுவதால், பட்டினியும் பேதியும் தேவையற்றுப்போயின. 2015இல் இந்திய அரசு தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளில், 400 மில்லிகிராம் மாத்திரையைப் பள்ளி ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளருமே வழங்க முடிகிறது. எனினும் அது வயிற்றிலுள்ள புழுவை மட்டுமே நீக்குகிறது. மண்ணிலுள்ள இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து மீண்டும் புகும் என்பதால், கழிப்பறையும் காலணியும் இல்லாத இடங்களில் மாத்திரையைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கிறது.