பாரிஸ் போன நட்டுவனார்

ஒரு பழைய சங்கதி. 1838-ல் நம்ம பக்கத்துலேர்ந்து அஞ்சு தாசிகளும் மூணு வாத்தியக்காரங்களும் கப்பலேறி பிரான்சுக்குப் போயிருக்காங்க. புதுச்சேரியில் ஒப்பந்தம் போட்டுக் கூட்டிக்கொண்டு போனவர் தார்திவேல் என்ற பிரெஞ்சு வியாபாரி. பெண்கள் கடலூருக்குப் பக்கத்துல இருக்கற திருவந்திபுரம் பெருமாள் கோயிலைச் சேர்ந்தவங்க. அதாவது வெள்ளைக்காரன் சீமையில் பிறந்து, பிரெஞ்சுக்காரன் சீமையில் கையெழுத்துப் போட்டு... சரி, விடுங்க.

பேர்களைப் பாருங்க. தில்லம்மாள், முப்பது வயசு. அம்மணி, பதினெட்டு. ரங்கம் பதினாலு, சுந்தரம் பதிமூணு. கடைசியில வேதம்னு ஒரு குழந்தை, வெறும் ஆறு வயசு! கூடப் போனவங்க ராமலிங்கம், சரவணன், தேவநாயகம். இதெல்லாம் பிரெஞ்சு எழுத்திலிருந்து ஆராய்ச்சியாளர்கள் மீட்டெடுத்த பேர்கள். பாரிஸ் பத்திரிகைக்காரங்க கையில ரங்கம் 'ரங்கூன்' ஆயிட்டா, வேதம் 'வேய்தூன்', சுந்தரம் 'சவுந்திரூன்'. பர்மாவுக்கும் அந்தப் பொண்ணுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க :-)

அந்த வருஷம் ஆகஸ்டில் பாரிஸ் வாரியேத்தே அரங்கில் ஆடினாங்க. மன்னர் லூயி பிலிப் முன்னாலயும் ஆட்டம். அக்டோபரில் லண்டன் அடெல்ஃபி தியேட்டர். அதுக்கு எட்டு வருஷம் முன்னாலேயே, 1830-ல், மேரி தாக்லியோனி பாரிஸ் ஓப்பராவில் 'பயதேர்' வேஷம் கட்டி ஆடியாச்சு. பயதேர்னா தேவதாசி. போர்த்துகீசியர் ஆடுகிறவளுக்குச் சொன்ன பைலாதெய்ரா என்ற வார்த்தை பிரெஞ்சில் உருமாறியது. பாரிஸ்காரங்க மனசுல இருந்த தாசி, வெள்ளை மஸ்லின் கட்டிக்கிட்டு நுனிக்காலில் மிதப்பவள். நேர்ல வந்தவங்களோ தரையை அழுத்தி மிதிச்சு, சலங்கை அதிர, கண்ணை உருட்டி ஆடறாங்க. சிலபேருக்கு ஏமாற்றம். தெயோஃபில் கோத்தியே என்ற எழுத்தாளர் மட்டும் சொக்கிப்போய், அம்மணியின் தோல் நிறம், கண், நகை, கைன்னு பத்தி பத்தியா எழுதித் தள்ளிட்டார். ஜான் ஒகுஸ்த் பார் என்ற சிற்பி அம்மணிக்கு வெண்கலச் சிலையே வடிச்சார்.

எனக்கு இதிலே பிடிபடாம இருந்த ஆள் ராமலிங்கம். நட்டுவனார். கையில் தாளம். மேடையில பெண்களுக்குப் பின்னால நின்னு சொற்கட்டு சொன்னவர். அவரை யாரும் சிலை வடிக்கலை. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஆறு வயசுப் பொண்ணு பாரிஸ் மேடையில தாளம் தப்பாம நிக்கறான்னா அதுக்குமுன்னால எத்தனை விடிகாலை தட்டடவு போட்டிருப்பா? அரைமண்டியில உட்கார்ந்து ஒரே அடவை மூணு காலத்திலயும் போடவைக்க ஒரு வாத்தியார் வேணுமே. தட்டுக்கழியும் தொண்டையும்தான் பள்ளிக்கூடம். புஸ்தகம் கிடையாது.

அதே தலைமுறையில்தான் தஞ்சாவூரில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நாலு அண்ணன் தம்பிகள் கச்சேரி வரிசையை ஒழுங்குபடுத்தினாங்க. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்னைக்கு அரங்கேற்ற அழைப்பிதழில் பாக்கற வரிசைக்கு அடித்தளம் அதுதான். நால்வருமே நட்டுவனார்கள். ஆடறவங்க பேரைவிட சொல்லிக்கொடுத்தவங்க பேர் நின்ன அபூர்வமான இடம் அது.

அம்மணி முடிவு சோகம். லண்டன் மூடுபனியில் மனசு உடைஞ்சு தூக்கு மாட்டிக்கிட்டாள்னு கோத்தியே பிற்பாடு எழுதினார். அவர் கவிஞர், அதனால அதை அப்படியே வாங்கிக்க எனக்குத் தயக்கம். ஆனா அவளை அவர் மறக்கலைங்கறது நிஜம். 1858-ல் 'சாகுந்தலா' பாலேக்குக் கதை எழுதினார். நடனம் அமைச்சவர் லூசியன் பெத்திபா. அவர் தம்பி மாரியுஸ்தான் 1877-ல் ரஷ்யாவில் 'லா பயதேர்' போட்டவர். அது இன்னைக்கும் உலகம் பூரா ஆடப்படுது. நம்ம தாசி அங்கே நுனிக்காலிலேயே நிக்கறா.

இங்கே என்ன ஆச்சு? 1930-களில் சதிர் என்ற பேர் போய் பரதநாட்டியம் வந்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தஞ்சை நால்வர் வம்சம், அவர்கிட்ட ருக்மிணி தேவி கத்துக்கிட்டு 1935-ல் மேடை ஏறினார். அடுத்த வருஷம் கலாக்ஷேத்ரா. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளை அங்கே சில வருஷம் சொல்லிக்கொடுத்தார். அவர் போன பிறகு ஆடக் கத்துக்கிட்ட பெண்களே தாளத்தைக் கையில் எடுத்துக்கிட்டாங்க. 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் தேவைதான், அதுல எனக்கு ரெண்டு கருத்து கிடையாது. குழந்தைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதை எந்த மனசோட ஆதரிக்கறது? ஆனா வழக்கத்தை ஒழிச்சவங்க, அந்த வீட்டுப் பொண்ணுங்க ஆடறதுக்கு வேற வாசல் திறந்துவைக்கலை. பாலசரஸ்வதி மாதிரி ஒரு சிலர் பிடிவாதமா நின்னாங்க. மத்த பல வீடுகளில் சலங்கையைப் பெட்டியில போட்டுப் பூட்டி, பேத்திகளுக்கே தெரியாம மறைச்சாங்க.

இப்போ எங்க நெல்லித்தோப்பில், என் தங்கை மகள் மாடி வகுப்புக்குப் போறா. இருபது பிள்ளைங்க. அதுல ஒருத்தி சொல்தா வீட்டுப் பேத்தி, லீவுக்குப் பிரான்சிலிருந்து வந்து ரெண்டு மாசம் அடவு போட்டுட்டுத் திரும்பப் போயிடுவா. (ரூட் தலைகீழா ஆயிடுச்சு பாருங்க.) டீச்சர் முறையாப் படிச்சவங்க. முட்டி மடங்கலைன்னா அடுத்த அடவே கிடையாது, பெத்தவங்க எத்தனை முணுமுணுத்தாலும் சரி. ஒரு நாள் அம்மணி சிலையோட படத்தைப் பிரிண்ட் போட்டு அவங்ககிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்தாங்க.

"நட்டுவாங்கம் யாரு சார்?"

ராமலிங்கம்னு சொன்னேன். தட்டுக்கழியைக் கையில வெச்சுக்கிட்டே பிள்ளைங்க பக்கம் திரும்பி, "எல்லாரும் உக்காருங்க, இவர் ஒரு கதை சொல்லப் போறார்"னுட்டாங்க. ஆறு வயசு வேதத்தைப் பத்திச் சொன்னதும் முன் வரிசையில ஒரு வாண்டு, "அவளும் காலு வலிக்குதுன்னு அழுதாளா அங்கிள்?"னு கேட்டது.

அழுதிருப்பான்னுதான் சொன்னேன்.