கடலில் இறங்கி மறுபடி பறந்த விமானம்

மாணவர்களை இரத்மலானை விமானப்படை நூதனசாலைக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம், டகோட்டாவைக் கண்டதும் "இது இன்னும் பறக்குமா சேர்?" என்றுதான் எங்களிடம் கேட்பார்கள். அதற்கு நாங்கள் சொல்லும் கதை போயிங் 307 ஸ்ட்ராட்டோலைனருடையது.

உயரப் பறக்கும்போது பயணிகளுக்கு மூச்சு முட்டாமலிருக்க, உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்த முதல் பயணிகள் விமானம் அது. 1940இல் சேவைக்கு வந்தது. கட்டியவை 10, முழு விமானமாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. பான் ஆமில் பறந்து, ஹெய்ட்டி ஜனாதிபதி டுவாலியேயிடமும் இருந்து, கடைசியில் அரிசோனாப் பாலைவனத்தில் வெயில் காய்ந்தது. போயிங்கில் ஓய்வுபெற்றவர்களும் தொண்டர்களும் சியாட்டிலில் சுமார் 6 வருடம் பாடுபட்டு, 2001இல் அதைப் பறக்க வைத்தார்கள்.

2002 மார்ச் 28. ஒரு சோதனைப் பறப்பு. எரிபொருள் தீர்ந்து எலியட் குடாவில் இறங்கியது. நல்ல காலம், 4 பேரும் தப்பினார்கள். தாங்கியில் எவ்வளவு இருக்கிறதென்று சரியாகக் கணிக்கவில்லை என்றது விசாரணை. ஆறு வருட உழைப்பு, ஒரு கணக்கு!

அலுமினியத்தை உப்புத் தண்ணீர் என்ன செய்யும் என்று கடலோரத்தில் இருக்கும் நமக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் விடவில்லை, கழற்றித் திருத்தினார்கள். 2003 ஆகஸ்டில் வாஷிங்டனுக்கு அருகிலுள்ள ஸ்மித்சோனியன் நூதனசாலைக்கு அது பறந்தே போய்ச் சேர்ந்தது.

மிஞ்சிய ஒன்றைப் பறக்கவிட்டதே பிழை என்பது எங்கள் எண்ணம். பிள்ளைகளில் பாதிப் பேர் ஒத்துக்கொள்வதில்லை.