பூப்பு: மந்திர மரபும் வலி மருந்தும்

பூப்பு என்பது பெண்களுக்கு மாதந்தோறும் நிகழும் உதிரப்போக்கு. சூதகம், மாதவிடாய் என்பன நூல் வழக்கு. தீட்டு, விலக்கு, வீட்டுக்குத் தூரம் என்பன பேச்சு வழக்கு. பூ என்னும் உருவகம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடமொழியில் புஷ்பவதி என்பர். 12-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சலேர்னோ நகரில் தோன்றித் திரோத்துலா என்னும் பெயரால் ஐரோப்பா எங்கும் வழங்கிய பெண் மருத்துவத் தொகுதியும், பூவாத மரம் காய்ப்பதில்லை என்று காரணம் காட்டி இதனைப் பூ என்றே குறிக்கிறது. பெயரில் இத்துணை மென்மை இருந்தும், நம்பிக்கையில் மேலோங்கி நின்றது அச்சமே.

அவ்வச்சத்தை ஒரு பட்டியலாகவே எழுதி வைத்தவர், கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலைச் சீற்றத்தில் மாண்ட உரோமானியர் பிளினி. விலக்கான பெண் அணுகினால் புது மது புளிக்கும், பயிர் கருகும், கண்ணாடி மங்கும், இரும்பு துருவேறும், தேனீக்கள் மடியும் என்று தம் ‘இயற்கை வரலாறு’ என்னும் நூலின் ஏழாம் பகுதியில் அடுக்கிச் சென்ற அவரே, இருபத்தெட்டாம் பகுதியில், அத்தகைய பெண் ஆடையின்றி வயலைச் சுற்றி வந்தால் கதிர்களிலிருந்து புழுக்கள் உதிரும் என்றும், அவளைக் கண்டு ஆலங்கட்டி மழையும் சூறாவளியும் விலகும் என்றும் எழுதுகிறார். அவர் காலத்து வேளாண் நூலாசிரியரான கொலுமெல்லாவும், புதிதாகப் பூப்பெய்திய பெண்ணை வெறுங்காலும் விரிந்த கூந்தலுமாகத் தோட்டத்தை மும்முறை வலம்வரச் செய்யுமாறு உழவர்க்கு உபதேசிக்கிறார். இதில் முரண்பாடு காண்பவர் மாந்திரிகத்தின் இலக்கணத்தை அறியாதவர். கெடுக்க வல்லதே காக்கவும் வல்லது என்பது அதன் முதல் சூத்திரம்.

வசியத்திலும் பூப்பின் உதிரத்துக்கு இடமுண்டு. கணவனின் அன்பு பெருகும்பொருட்டு இவ்வுதிரத்தை உணவிலோ பானத்திலோ கலந்ததுண்டா என்று பெண்களைக் கேட்டுப் பிராயச்சித்தம் விதிக்குமாறு 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய நகரமான வோர்ம்ஸின் ஆயர் புர்க்கார்ட் எழுதி வைத்தார். மந்திரவாதியின் கையில் அகப்பட்டுவிடுமோ என்று அஞ்சித் தூமைத் துணியை எவர் கண்ணிலும் படாமல் எரிப்பதும் புதைப்பதும் நம் கிராமங்களிலும் இருந்த வழக்கமே. விஞ்ஞானமும் இம்மயக்கத்துக்கு விலக்கன்று: தொண்டை அடைப்பான் நோய்க்கான சோதனையால் புகழ்பெற்ற வியன்னா மருத்துவர் பேலா ஷிக், விலக்கான பணிப்பெண் தொட்ட ரோஜாக்கள் வாடினவெனக் கண்டு, இதற்கென்று ஒரு நஞ்சே உண்டு என 1920-இல் எழுதினார். பிளினியின் ஆவி ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்துவிட்டது என்றே சொல்லவேண்டும்.

பாரதத்தில் இதன் தொன்மையான ஐதிகம் தைத்திரீய சம்ஹிதையில் உள்ளது. தேவர்களின் புரோகிதனான விசுவரூபனைக் கொன்ற இந்திரன் தன் பிரம்மஹத்தி தோஷத்தை நிலம், மரம், பெண் ஆகிய மூவர்க்கும் பகிர்ந்தளிக்க, பெண்ணின் பங்கே மாதாந்திர உதிரமாயிற்று என்பது அக்கதை. பழி செய்தவன் தேவர்கோன், சுமப்பவள் பெண். சங்க காலத்திலும் விலக்கு இருந்தது: போரில் பின்னிட்ட குதிரைகளை, முருகன் கோட்டத்தில் கலம் தொடாது ஒதுங்கி நிற்கும் மகளிர்க்கு உவமிக்கிறார் புறநானூற்றின் 299-ஆம் பாடலைப் பாடிய பொன்முடியார்.

ஆயினும் மானிடப் பெண்ணுக்குத் தீட்டானது தேவிக்கு மகிமையாகும் விந்தையும் இந்நாட்டில் உண்டு. அசாமின் நீலாசல மலையில் காமாக்கியா கோயில் ஆனி மாதத்தில், தேவி விலக்காகும் நாள்களெனக் கருதப்படும் அம்புவாசியை முன்னிட்டு மூன்று நாள் அடைக்கப்படுகிறது. பின்னர் அடியார்க்குச் சிவந்த துணித் துண்டுகள் பிரசாதமாகின்றன. நமக்கு அண்மையில் கேரளத்துச் செங்கன்னூரில், பகவதியின் உடையாடையில் கறை கண்ட அர்ச்சகர் அதனை மூத்த பெண்மணியிடம் அனுப்ப, அவள் பார்த்து ஆம் என்றால், கருவறை சாத்தப்பட்டுத் தேவி தனியறைக்கு எழுந்தருள்கிறாள். நான்காம் நாள் பம்பையாற்றின் மித்திரப்புழைக் கடவில் ஆறாட்டு நிகழ்கிறது. இவ்விழாவின் செலவைத் தடுத்த திருவிதாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் மனைவிக்கு நில்லாத உதிரப்போக்கு உண்டானதாகவும், மன்றோ காணிக்கை செலுத்திய பின்னரே அது நின்றதாகவும் அவ்வூரார் சொல்வர்.

தீட்டைப் பற்றி இத்தனை விரிவாக எழுதிய நூல்களில் வலியைத் தேடினால் கிடைப்பது சொற்பம். விதிவிலக்கு சரக சம்ஹிதை என்னும் ஆயுர்வேத நூல்: இருபது யோனி நோய்களுள் உதாவர்த்தினி என்பதில் வாயு மேல்நோக்கித் திரும்புவதால் வேதனை எழும் என்றும், உதிரம் வெளிப்பட்டதும் தணியும் என்றும் அது துல்லியமாகக் கூறுகிறது. மருந்து பெரும்பாலும் வளர்ந்தது அடுப்படியில். சீரகத்தை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, தண்ணீர் ஊற்றிப் பாதியாகச் சுண்டவிட்டு, கருப்பட்டி சேர்த்து இளஞ்சூட்டில் குடிப்பது, ஓமக் கஷாயம், மோரில் கரைத்த பெருங்காயம், சுக்கு, எள், உளுந்தங்களி ஆகியன பாட்டிமார் கைமுறை. கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து அடிவயிற்றில் ஒத்தடம் கொடுப்பது அவற்றுள் சிறந்தது. மேனாட்டில் சீமைச் சாமந்தித் தேநீர் வழங்கியது. அமெரிக்காவில் 1875 முதல் விற்பனையான லிடியா பிங்க்கம் அம்மையாரின் மூலிகைச் சாறு பெரும் பொருள் ஈட்டியது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாகச் சாராயம் இருந்ததால் வலி மறந்ததில் வியப்பில்லை.

ஒதுக்கிவைத்ததே பெண்ணுக்கு ஓய்வளிக்கத்தான் என்பார் உளர். விலக்கானவர்க்கென ஒதுக்கிய, மழையொழுகும் முட்டுவீட்டில் வெறுந்தரையில் கிடந்தவளுக்கு, வெந்நீரும் கஷாயமும் கிடைக்கும் அடுப்பே அல்லவா விலக்கப்பட்டது?

வலியின் காரணம் துலங்கத் தொடங்கியது 1957-இல், சூதக உதிரத்தில் தசையைச் சுருங்கச் செய்யும் பொருள் இருப்பதைப் பிக்கிள்ஸ் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் கண்டபோதுதான். புரோஸ்டாகிளாண்டின் எனப்படும் இவ்வகைப் பொருள்கள் மிகும்போது கருப்பை இறுகி, அதன் இரத்த ஓட்டம் குறைந்து, கடுப்பு உண்டாகிறது. 2001-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அடிவயிற்றில் இடைவிடாது வைத்த மிதமான சூடு, 400 மில்லிகிராம் ஐபுபுரூஃபனுக்கு நிகராகப் பயன்பட்டது. உப்பு ஒத்தடம் வென்றது என்க. 2009-இல் ஈரானில், நாளொன்றுக்கு நான்கு வேளை 250 மில்லிகிராம் சுக்குத்தூள் உண்டவர்க்கும் வலி மாத்திரை உண்டவர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. எனினும், இத்தகைய மூலிகைகளுக்குத் திடமான சான்று இல்லை என்றே 2016-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு தீர்ப்பளித்தது. இயற்கை மருந்துகள் எல்லாமே தீங்கற்றவையல்ல. ஐரோப்பியர் சூதகத்துக்குப் பயன்படுத்திய பென்னிராயல் என்னும் புதினா வகையின் எண்ணெய் ஈரலை அழிக்கும்.

ஒத்தடத்துக்கும் கஷாயத்துக்கும் அடங்காமல் மாதாமாதம் மிகும் வலியும், நாற்பதை நெருங்கும் வயதில் புதிதாகத் தொடங்கும் வலியும் கருப்பைக் கட்டி, அகப்படலம் இடம்மாறி வளர்தல் முதலிய நோய்களின் அறிகுறியாகலாம். அவற்றுக்கு மருத்துவரையே நாடவேண்டும்.