பேசிய விமானங்கள்

கண்ணுக்குப் புலப்படாததைச் செவிவழியே காட்டும் கலை வானொலி நாடகம். அது செழித்திருந்த காலத்தில் அமெரிக்கச் சிறுவர்களைப் பெரிதும் கவர்ந்தவை விமானிகளின் வீரச்செயல்களைக் கூறிய தொடர் நாடகங்கள். 1933இல் தொடங்கிய ஜிம்மி ஆலன், 1938இல் தொடங்கிய கேப்டன் மிட்நைட் ஆகிய இரு தொடர்களையும் இராபர்ட் பர்ட், வில்பிரட் மூர் என்னும் இருவர் எழுதினர். முதல் உலகப்போரில் விமானிகளாக இருந்தவர்கள் ஆதலால், பறத்தலின் இன்பத்தையும் அச்சத்தையும் அவர்கள் பட்டறிந்திருந்தனர்.

பெரும்பாலும் கால்மணி நேரமே நிகழ்ந்த அப்பகுதிகளில் இயந்திர இரைச்சல் வானத்தைப் படைத்தது. நடிகரின் குரல் ஆபத்தைப் படைத்தது. ஆயினும் அக்கலைக்குப் பின்னால் வணிகமும் இருந்தது. கேப்டன் மிட்நைட்டை முதலில் ஓர் எண்ணெய் நிறுவனமும், 1940 முதல் ஓவல்டின் நிறுவனமும் வழங்கின. ஓவல்டின் வாங்கியதற்கான அடையாளத்தை அனுப்பிய சிறுவர்கள், நாடக முடிவில் கூறப்படும் இரகசியச் செய்தியை அவிழ்க்கும் சின்னத்தைப் பெற்றனர். 1949இல் அத்தொடர் நிறைவுற்றது.

அதற்கு முந்திய ஆண்டிலேயே, கடல்கடந்த மலாயாவில், விமானமும் குரலும் வேறு வகையில் இணைவதற்கான சூழல் உருவாகிவிட்டது. 1948 ஜூன் 16ஆம் நாள், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாள்களுக்குள் நாடெங்கும் அவசரகாலம் நடப்புக்கு வந்தது. தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அரசாங்கம் தன் செய்தியை மக்களின் செவிக்கு நேரே கொண்டுசெல்ல விரும்பியது.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களிடம் வானொலிப் பெட்டியைக் கொண்டுசெல்வது எங்ஙனம்? 1950களில் ஒலிபெருக்கி பொருத்திய விமானங்கள் காடுகளின்மேல் பறந்தன. வேலட்டா விமானத்தின் இரைச்சல் பேச்சை மறைத்ததால் டக்கோட்டாவும் ஆஸ்டரும் பயன்பட்டன. விமானம் கடந்துவிடுமுன் பொருள் விளங்க வேண்டுமாதலின் செய்திகள் சுருக்கமாக அமைந்தன. சரணடைந்தோரின் குரல்களே பதிவுசெய்யப்பட்டு, பழைய தோழர்களைப் பெயர்சொல்லி அழைத்தன. தமிழிலும் அச்சிடப்பட்ட துண்டறிக்கைகள் வானிலிருந்து பொழிந்தன. பின்னர்ச் சரணடைந்தோருள் பலர் அக்குரலைக் கேட்டதாகக் கூறினர்.

அமெரிக்கச் சிறுவன் கேட்டது கற்பனை வானம். பிடிக்காவிடில் பெட்டியை அணைத்துவிடலாம். காட்டிலிருந்தவன் கேட்டதோ உண்மை வானம். அதை அணைக்க இயலாது. முன்னது பொருளை விற்றது. பின்னது போரை முடிக்க முயன்றது. ஆயினும் அறிமுகமான குரல், எளிய சொல், கேட்பவனின் ஏக்கத்தை அறிந்து பேசும் திறம் என்பன இரண்டுக்கும் பொதுவாக அமைந்தன.

1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிவுற்றது. பேசும் விமானங்கள் மறைந்தன. செவியை ஆளும் சொல் மறையவில்லை. வகுப்பறையில் நாடகம் பயிலும் மாணவன் உணர்ச்சியோடு பேசக் கற்றால் மட்டும் போதாது. பேசுவது யார், எவரிடம், எப்பயன் கருதி என்று வினவவும் அவன் பழக வேண்டும். சுங்கை சிப்புட்டில் தொடங்கிய அவ்வரலாறு தமிழாசிரியர்க்கு விட்டுச்சென்ற பாடம் இதுவேயாகும்.