பெட்டியும் சுவரும்: கணினிக் கொள்கலனின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

கண்டி நகருக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டதும், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிடத் தொடங்கியதும் 1867ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தன. பின்னர் மலைநாட்டுத் தேயிலை மரப்பெட்டிகளில் அடைக்கப்பெற்று அப்பாதை வழியே கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. 1956இல் மல்கம் மக்லீன் 58 கொள்கலன்களை ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பியபோது உலக வாணிபமே மாறத் தொடங்கியது. பண்டம் எதுவாயினும் பெட்டி ஒரே அளவினதாயின் ஏற்றியிறக்கல் எளிதாகும் என்பதே அவர் கண்ட உண்மை. இவ்வுண்மையே கணினித்துறையிலும் புகுந்தது. 'டொக்கர்' என்னும் மென்பொருளின் பெயர் துறைமுகத் தொழிலாளியைக் குறிப்பது. கொள்கலன் சுமக்கும் திமிங்கிலம் அதன் சின்னம்.

எனினும் இதன் தோற்றம் அண்மைக் காலத்ததன்று. கோப்புத் தொகுதியின் ஒரு பகுதியையே ஒரு நிரலுக்கு முழு உலகாகக் காட்டும் வசதி 1979இல் யுனிக்ஸ் முறைமையில் இடம்பெற்றது. 2000இல் 'பிரீபிஎஸ்டி' முறைமை அதனை வலுப்படுத்திச் 'சிறை' எனப் பெயரிட்டது. லினக்ஸில் 2002 முதல் பெயர்வெளிகள் படிப்படியாகச் சேர்ந்தன. நினைவகத்தையும் செயலியையும் பங்கிட்டளிக்கும் முறை 2008இல் சேர்ந்தது. 2013இல் வெளிவந்த டொக்கர் இவற்றைப் படைக்கவில்லை. எளிதிற் கட்டியனுப்பத்தக்க பொதியாக்கியது. அதன் பெருமையும் அதுவே.

லினக்ஸ் கணினியில் இதனை நிறுவுதல் கடினமன்று. வெளியீட்டாளரின் கையொப்பத் திறவியைப் பதிந்து, களஞ்சிய முகவரியைச் சேர்த்து, பொதியை நிறுவி, 'ஹலோ வேர்ல்ட்' என்னும் சிறு கொள்கலனை இயக்கிப் பார்த்தாற் போதும். ஆயின் இறுதிப்படி ஒன்று ஆராயத்தக்கது. நிருவாகியின் கடவுச்சொல்லை அடிக்கடி இடுவதைத் தவிர்க்கப் பயனரை 'டொக்கர்' குழுவிற் சேர்ப்பது வழக்கம். அவ்வாறு சேர்க்கப்பட்டவர் கணினி முழுவதன்மீதும் நிருவாகிக்கு நிகரான அதிகாரம் பெறுகிறார். பல்கலைக்கழகத்திற் பலர் கூடிப் பயன்படுத்தும் கணினியில் இது நிகழின், ஒருவரது வசதிக்காக ஏனையோரின் ஆய்வேடுகள் காப்பிழக்கும்.

மேலும், கொள்கலன்களுக்குத் தனித்தனி உட்கரு இல்லை. யாவும் தம்மைத் தாங்கும் கணினியின் ஒரே உட்கருவின்மீது இயங்குவன. அங்கு நேரும் பழுது அனைத்தையும் பற்றும். கடுகண்ணாவ மலைச்சரிவிற் பாதை பழுதுற்றால், உறுதியான தேயிலைப் பெட்டியாலும் பயனில்லையன்றோ?

ஆதலின் பொதுக்கணினிகளில் நிருவாகி அதிகாரம் வேண்டாது இயங்கும் முறையிலேயே இதனை நிறுவுதல் தகும். 2020 முதல் டொக்கரில் அம்முறை முழுமை பெற்றுள்ளது. பெட்டி பண்டத்தைச் சுமக்க எழுந்தது. அதனைக் கோட்டைச் சுவரென மயங்காதிருக்க இவ்வரலாறு துணைசெய்யும்.