குறிஞ்சியின் பூந்தாது

ஒட்டன்சத்திரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் செங்காந்தள் பயிரிடுகிறார்கள். உழவர் வழக்கில் அது கண்வலிக்கிழங்கு. விதைக்காக வளர்க்கும் பயிராதலால், காய் நிறையப் பிடிக்க வேண்டும். பூக்கும் பருவத்தில் காலையிலேயே ஆட்கள் கொடிதோறும் சென்று, ஒரு மலரின் தாதை எடுத்து மற்றொரு மலரின் சூல்முடியில் தடவுகிறார்கள். விரலில் ஒட்டும் அந்த மஞ்சள் பொடியே மகரந்தம். அவ்வூரிலிருந்து பாச்சலூர்ச் சாலையில் ஏறினால் பழனிமலை. அம்மலைத்தொடருக்கு அழகு செய்யும் குறிஞ்சி எந்த இனத்தைச் சேர்ந்தது என்று ஒரு வழக்கு எழுந்தபோது, சாட்சிக்கு அழைக்கப்பட்டதும் இந்தப் பொடிதான்.

மாணவ நேயர்களே, பொடி என்றால் எல்லாம் ஒன்றுபோலத்தானே என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே வகைச் செடியின் தாதுகள் ஒரே வடிவம் உடையன என்பதை ஆங்கிலேயரான நெகமையா குரூ 1682-லேயே எழுதினார். ஆடாதோடை, கனகாம்பரம், டிசம்பர் பூ, குறிஞ்சி ஆகியவை அடங்கிய குடும்பத்தில் இந்த வடிவ வேறுபாடு வியப்பூட்டும் அளவுக்கு மிகுதி. 1895-இல் ஜெர்மானியரான லிண்டாவ் அக்குடும்பத்தைத் தாதின் வடிவங்கொண்டு வகுத்தார். முள்தாது, விலாத்தாது, தேன்கூட்டுத்தாது, பற்சக்கரத்தாது என்றெல்லாம் பெயரிட்டார். நாம் தலையில் சூடும் டிசம்பர் பூவின் தாது தேன்கூட்டை ஒத்தது.

குறிஞ்சியின் கதை சற்றுச் சிக்கலானது. 1826-இல் புளூம் என்பார் ஸ்ட்ரோபிலாந்தஸ் என்னும் பேரினத்தை நிறுவினார். 1832-இல் நீஸ் நம் குறிஞ்சியை விளக்கியபோது, அதனைப் பிளெபோபில்லம் என்னும் வேறொரு பேரினத்தில் வைத்தார். பின்வந்தோர் அதை ஸ்ட்ரோபிலாந்தஸுக்கு மாற்றினர். அந்தப் பேரினமோ பெருகி, நூற்றுக்கணக்கான சிற்றினங்களைக் கொண்டதாயிற்று. 1944-இல் டச்சுத் தாவரவியலாரான பிரெமகாம்ப், தாதின் வடிவத்துக்குப் பெருமதிப்புத் தந்து, அக்கூட்டத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரினங்களாகப் பிரித்தார். குறிஞ்சி மீண்டும் பிளெபோபில்லம் ஆயிற்று.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து மடியும் செடியின் தாதை எங்கே தேடுவது என்று நீங்கள் கேட்கலாம். விடை, உலர் தாவரத் தொகுப்புகளில் இருக்கிறது. தாதின் புற உறை ஸ்போரோபொலெனின் என்னும் பொருளால் ஆனது. அமிலத்துக்கும் எளிதில் அழியாதது. எர்ட்மன் என்னும் சுவீடன் நாட்டார் வகுத்த முறைப்படி அமிலத்தில் காய்ச்சினால் உள்ளீடு கரைந்து, உறையின் வரிகளும் முட்களும் மட்டும் தெளிவாய் எஞ்சும். ஆகவே பல்லாண்டுகளுக்கு முன் காகிதத்தில் ஒட்டிய பூவும் இன்று பேசும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இத்துறையை வளர்த்த நம்மவர் தணிகைமணி. 1986-இல் கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் அவர் உயிரிழந்தது தாதியலுக்குப் பேரிழப்பு.

பிரெமகாம்ப் செய்தது சரியா? தென்னிந்திய, இலங்கைச் செடிகளின் தாதுகளைக் கரைனும் ஸ்காட்லாந்தும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டனர். உருண்டு முள் நிறைந்தவை, நீண்டு விலா ஓடியவை எனப் பல வடிவங்கள் இருப்பது உண்மையே. ஆனால் தாதையும் பூவின் பிற உறுப்புகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், அவர் போட்ட எல்லைகளில் பெரும்பாலானவை நிற்கவில்லை. தாது பொய் சொல்லவில்லை. தன்னிடம் கேட்டதற்கு மேல் அதனால் சொல்ல இயலவில்லை என்பதே என் கருத்து. 2002-இல் அவர்கள் அனைத்தையும் ஒரே பேரினத்தில் சேர்க்கலாம் என்றனர்.

எனவே 2018-இல் கோடைக்கானல் சரிவுகள் நீலம் போர்த்தபோது, குறிஞ்சிக்குத் தாவரவியலார் வழங்கிய பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. அடுத்த பூப்பை 2030-இல் எதிர்பார்க்கலாம்.